ஜார் மகன் வாழ்ந்த ஊரில், என் மகனோடு...

சென்னை விமான நிலையம். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும் பெல்ட்டையும் வாட்ச்சையும் கழற்றிக்கொண்டிருக்க, என் மகன் மட்டும் ஒரு சின்ன நீலநிற ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"மருந்து சார். ஃபேக்டர் 8. எனக்கு ஹீமோபிலியா. டாக்டர் லெட்டர் இருக்கு."

அவர் கடிதத்தைப் படித்தார். ஊசிகளைப் பார்த்தார். "அடிபட்டா ரத்தம் நிக்காதே, அதானே?" என்று மெதுவாகக் கேட்டார். மகன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவ்வளவுதான், விட்டுவிட்டார். நான்தான் அந்த இரண்டு நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு 27 வயது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

போன ஜூன் மாதம் நாங்கள் போனது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்கேதான் என் மகள் மருத்துவம் படிக்கிறாள். கடைசி வருடம். "படிப்பு முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது வந்து பாருங்கம்மா" என்று ஐந்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன்தான் "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கிளம்பினான். இந்தியர்களுக்கு இ-விசா வந்ததிலிருந்து காகித வேலையும் சுலபமாகிவிட்டது. துபாய் வழியாகப் போனோம்.

இருட்டாத ஊர்

ஜூன் மாதத்தில் அங்கே இரவு என்பதே பெயருக்குத்தான். பதினொரு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் நம்மூர் சாயங்காலம் ஆறரை மணி மாதிரி வெளிச்சம். 'வெள்ளை இரவுகள்' என்கிறார்கள். நான் மூன்று நாள் தூங்காமல் கிடந்தேன். மகள் அறையில் கறுப்புத் திரை போட்ட பிறகுதான் கண் மூடியது.

நேவா ஆறு, அதன் இரு கரையிலும் மஞ்சளும் பச்சையுமாக அரண்மனைகள், தெருவுக்குத் தெரு வாய்க்கால், வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம். நம் வங்கி கார்டு எதுவும் அங்கே வேலை செய்யாது. டாலரைக் கொண்டுபோய் ரூபிளாக மாற்றித்தான் செலவு. சாப்பாட்டுக்கு நான் பயந்த அளவு கஷ்டமில்லை. 'பிளினி' என்று ஒன்று தருகிறார்கள். மெல்லிய கோதுமை தோசை என்று நினைத்துக்கொண்டால் இறங்கிவிடும். மீதிக்கு நான் கொண்டுபோன புளிக்காய்ச்சல் இருந்தது.

முதல் நாள் பீட்டர் பால் கோட்டைக்குப் போனோம். ஜார் மன்னர்களைப் புதைத்திருக்கும் தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ், மனைவி அலெக்சாண்ட்ரா, மூன்று பெண்கள் ஆகியோரின் எலும்புகளை 1998-ம் ஆண்டு ஜூலை 17 அன்று இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர்கள் சுடப்பட்டு சரியாக 80 வருடம் கழித்து. ஒரு பெண்ணும், ஒரே மகன் அலெக்சியும் அப்போது கிடைத்திருக்கவில்லை. அந்த இருவரின் எலும்புத் துண்டுகள் 2007-ல்தான் யெகாதெரின்பர்க் பக்கத்தில் கிடைத்தன.

"அலெக்சிக்கும் எனக்கும் ஒரே வியாதிம்மா. அவனுக்கு பி, எனக்கு ஏ. அவ்ளோதான் வித்தியாசம்" என்றான் மகன்.

எனக்குத் தெரியும். இவனுக்கு ஒரு வயதில் நோயைக் கண்டுபிடித்தபோது, அந்த டாக்டர் எனக்கு ஆறுதலாகச் சொன்ன முதல் வாக்கியமே "இது ராஜா வீட்டு வியாதிம்மா" என்பதுதான். ராஜா வீட்டு வியாதி பஸ் கண்டக்டர் வீட்டுக்கு எதுக்கு வந்தது என்று நான் அழுதேன்.

கோபுரப் படிகள்

இரண்டாம் நாள் செயின்ட் ஐசக் தேவாலயம். தங்கக் கோபுரத்தைச் சுற்றி ஒரு மாடம் இருக்கிறது. அங்கே ஏறினால் ஊரே தெரியும். ஆனால் லிஃப்ட் கிடையாது. இருநூறுக்கும் மேற்பட்ட சுழற்படிகள்.

"நான் ஏறப்போறேன்" என்றான்.

"வேண்டாம் தம்பி. கணுக்கால் என்னத்துக்காவது ஆகிடும்."

அவனுடைய இடது கணுக்கால்தான் பலவீனமான இடம். ஹீமோபிலியாவில் வெளிக்காயத்தைவிட உள்ளே மூட்டில் ரத்தம் கசிவதுதான் பெரிய தொல்லை. ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரித்துப்போகும். அவன் சின்ன வயதில் இருந்தபோது ஃபேக்டர் எங்களுக்கு எட்டாத விலை. பிளாஸ்மாவும், கிரையோ என்று சொல்லும் உறைபொருளும் ஏற்றிக்கொண்டு, வளையலை அடகு வைத்து, வீங்கிய காலோடு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஓடிய வருடங்கள் அவை. அந்த வருடங்களின் பாக்கிதான் அந்தக் கணுக்கால். இப்போது நம் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அன்றைக்கு இது இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

"காலைலயே ஃபேக்டர் போட்டுக்கிட்டேன்மா. ஏறணும்னுதான் போட்டேன். நீ கீழ உக்காரு" என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு போய்விட்டான்.

நான் எதிரே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். லைலாக் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. எதையும் ரசிக்க முடியவில்லை. மேலே மாடத்தில் எறும்பு மாதிரி ஆட்கள். அதில் ஓர் எறும்பு கையை ஆட்டியது. அவனா என்று தெரியவில்லை. நானும் கையை ஆட்டினேன்.

இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் பத்தடி நடந்ததும் நின்றான். "சுருசுருன்னு இருக்கும்மா" என்றான். வீக்கம் இல்லை, வலியும் இல்லை. ஆனால் கசிவு தொடங்கும்போது உள்ளே ஒரு கூச்சம் மாதிரி வருமாம். அது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வீங்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

டாக்சி பிடித்து அறைக்கு வந்தோம். கை கழுவினான். மருந்துத் தூளில் திரவத்தை விட்டு, குலுக்காமல் உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றினான். முழங்கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, தானே ஊசியைப் போட்டுக்கொண்டான். அவன் எடை அறுபது கிலோ, 1,500 யூனிட். கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ரத்தத்தில் ஃபேக்டர் 8 இரண்டு சதவீதம் ஏறும். அப்படியென்றால் சுமார் ஐம்பது சதவீதம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அதில் பாதி கரைந்துபோகும். அதனால் மறுநாள் இன்னொரு டோஸ். தேதி, நேரம், மருந்துப் பெட்டியின் எண் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதினான். காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து, துண்டில் சுற்றிய ஐஸை வைத்தான். படி இறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. அது புதிதாக இருந்தது.

"திட்டலையாம்மா?" என்றான்.

"மேலேருந்து என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

டிஷ்யூ பேப்பரில் ஒரு பாடம்

அவன் இரண்டு நாள் படுத்தே இருந்தான். அந்த இரண்டு நாளும் அடுப்படியில் நானும் மகளும்தான். அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்டாள்.

"அம்மா, நான் கேரியர் டெஸ்ட் எடுத்துக்கப்போறேன்."

அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். நான் உடனே, "எல்லாம் கல்யாணம் முடியட்டும் பாப்பா. இப்ப எதுக்கு? வெளில தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துப் பேனாவால் வரைந்தாள்.

"உனக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம். ஒண்ணு நல்லது, ஒண்ணுல ஃபேக்டர் 8 எழுத்து தப்பா இருக்கு. அண்ணனுக்கு நீ கொடுத்தது தப்பான எக்ஸ். அவனுக்கு இன்னொரு எக்ஸ் இல்ல, அப்பாகிட்டேருந்து ஒய்தான் வந்துது. அதனால வியாதி வந்துடுச்சு. எனக்கு நீ எந்த எக்ஸைக் கொடுத்தே? காசு சுண்டிப் போட்ட மாதிரி. தலையா பூவான்னு பாக்காமலே நான் கல்யாணம் பண்ணிக்கணுமா?"

கேரியராக இருக்கும் அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் நோய் வருவதற்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண்ணும் கேரியராக இருப்பதற்கும் பாதி வாய்ப்பு. நோயுள்ள ஆணுக்கு மகன் பிறந்தால் நோய் வராது. மகள்கள் எல்லோரும் கேரியர்கள். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு. மூன்றில் ஒருவருக்கு அப்படித்தானாம். எங்கள் வீட்டில் அப்படியில்லை.

"இன்னொண்ணும்மா" என்றாள். "மாசாமாசம் எனக்கு ரொம்பப் போகுதுன்னு ஸ்கூல் படிக்கும்போதே சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்லிட்டே. கேரியர் பொண்ணுங்களுக்கும் ஃபேக்டர் குறைவா இருக்கலாம். உனக்கு என் பிரசவத்துல ரத்தம் ஏத்துனாங்கன்னு பாட்டி சொன்னாங்களே... யாராவது உனக்கு டெஸ்ட் பண்ணாங்களா?"

யாரும் பண்ணவில்லை. நான்தான் எடுத்துவைக்கிறவள், எனக்கு என்ன வரப்போகிறது என்று நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். 1980-ல் அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினொன்று. கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊர். பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், காப்பித்தூள் வைத்தார்கள், மந்திரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எட்டு நாளாகியிருந்தது. என்ன வியாதி என்று ஒரு பெயரைக்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மாவின் தம்பி ஒருவரும் சின்ன வயதிலேயே அப்படித்தான் போனாராம். 'சாமி குத்தம்' என்று சொல்லி, பேச்சை அதோடு நிறுத்திவிட்டார்கள். என் கல்யாணத்தின்போதும் அதை யாரும் பேசவில்லை. மகனுக்கு நோய் என்று தெரிந்த அன்று என் மாமியார் கேட்டார்: "உங்க வீட்ல முன்னாடியே இருந்துச்சாம்ல? சொல்லலையே?" அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதே பேச்சின்மையைத்தான் இப்போது என் மகளுக்கு நகை மாதிரி எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். ஆனால் அன்று அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "அப்புறம் பேசுவோம்" என்று எழுந்துவிட்டேன்.

ஊதா அறை

நான்காம் நாள் கால் சரியாகிவிட்டது. ஆனாலும் கைத்தடியோடுதான் வந்தான். ஜார் குடும்பம் வாழ்ந்த ஊரான ஜார்ஸ்கோயே செலோவுக்குக் கிளம்பினோம். நகரத்திலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். இப்போது அந்த ஊருக்கு, கவிஞர் புஷ்கினின் பெயர். ரஷ்யாவின் முதல் ரயில் 1837-ல் ஓடியது இந்தத் தடத்தில்தான். ரயிலில் போக ஆசைதான். கணுக்காலை நினைத்து டாக்சியிலேயே போனோம்.

எல்லோரும் தங்கமும் அம்பருமாக மின்னும் கேத்தரின் அரண்மனைக்கு ஓடுகிறார்கள். நாங்கள் பார்க்க வந்தது பக்கத்தில் அமைதியாக இருக்கும் அலெக்சாண்டர் அரண்மனையை. மகாராணி கேத்தரின் தன் பேரனுக்காகக் கட்டியது. முகப்பில் வெள்ளைத் தூண் வரிசை, வெளிர்மஞ்சள் சுவர். 1905-லிருந்து நிக்கோலஸ் குடும்பம் நிரந்தரமாக இங்கேதான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை புகுந்து, பிறகு கடற்படை அலுவலகமாக இருந்து, பழைய அறைகளெல்லாம் அழிந்துபோயின. பழைய புகைப்படங்களையும் துணித் துண்டுகளையும் வைத்து மறுபடி உருவாக்கி, 2021-ல் ஒரு பகுதியைத் திறந்திருக்கிறார்கள்.

ஜாரின் வேலை அறை, பக்கத்தில் பெரிய குளியல் தொட்டி. "நீச்சல்தான் எங்க ஆளுங்களுக்கு ஏத்த பயிற்சி. மூட்டுல பாரம் விழாது, தசை வலுவாகும்" என்றான் மகன். அவனுக்கு நீச்சல் கற்றுத்தந்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். நான் அன்றும் கரையில் நின்று அழுதவள்தான்.

அடுத்து அந்த அறை. சுவரெல்லாம் வெளிர் ஊதாப் பட்டு, வெள்ளை மர நாற்காலிகள். லைலாக் பூவின் ஒரு கிளையைக் கொடுத்து, 'இந்த நிறம் வேண்டும்' என்று அரசி கேட்டதாகக் கதை சொல்வார்கள். அலெக்சாண்ட்ரா நாள் முழுக்க இங்கேதான் சாய்ந்து கிடப்பாராம். அடுத்த அறை படுக்கையறை. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் நிறைய சாமி படங்கள். எனக்கு அங்கே எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. என் வீட்டுப் பூஜை அலமாரியும் அப்படித்தான் நிறைந்தது. ஒவ்வொரு வீக்கத்துக்கும் ஒரு படம்.

நாலு பெண்களுக்குப் பிறகு 1904 ஆகஸ்ட்டில் பிறந்தவன் அலெக்சி. ஆறு வாரத்தில் தொப்புளிலிருந்து ரத்தம் கசிந்தது. அலெக்சாண்ட்ராவுக்கு அது என்ன என்று சொல்ல ஆள் தேவையிருந்திருக்காது. அவர் விக்டோரியா மகாராணியின் பேத்தி. மகாராணியின் மகன் லியோபோல்ட் முப்பது வயதில், விழுந்து அடிபட்டு இறந்தார். அலெக்சாண்ட்ராவின் சொந்த அண்ணன் ஃபிரெடரிக் இரண்டு வயதில் ஜன்னலிலிருந்து விழுந்து, ரத்தக்கசிவில் போய்விட்டான். அப்போது இவர் கைக்குழந்தை. அக்காள் ஐரீனின் சின்ன மகன் இறந்ததும் அதே 1904-ல்தான், அலெக்சி பிறப்பதற்குச் சில மாதம் முன்பு.

அந்தக் குடும்பத்திலும் ஒரு தம்பியோ அண்ணனோ இல்லாமல் போயிருக்கிறான். அங்கேயும் யாரும் உரக்கப் பேசவில்லை.

பேசாமல் இருந்ததோடு நிற்கவில்லை. பட்டத்து இளவரசனின் நோய் அரசாங்க ரகசியமானது. 1913-ல் ரோமானோவ் வம்சத்தின் முந்நூறாவது ஆண்டு விழா ஊர்வலத்தில் எட்டு வயதுப் பிள்ளையை ஒரு வீரர் தூக்கிக்கொண்டு வந்தார். என்ன ஏது என்று ஜனங்களுக்குச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம் போலந்தில் ஸ்பாலா என்ற வேட்டை மாளிகையில் தொடையிலும் இடுப்பிலும் ரத்தம் கட்டி, பிள்ளை சாகக் கிடந்தான். கடைசிப் பிரார்த்தனைகூட முடிந்துவிட்டது. அப்போதுதான் ரஸ்புடினிடமிருந்து தந்தி வந்தது. பிள்ளை பிழைப்பான், டாக்டர்கள் அவனை ரொம்பத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று. பிள்ளை பிழைத்தான். அதற்குப் பிறகு அந்த அம்மா வேறு யார் பேச்சையும் கேட்கவில்லை. எதனால் அந்த மனிதரை நம்புகிறார் என்று நாட்டுக்கும் தெரியவில்லை.

"ஆஸ்பிரின் 1899-லயே விற்பனைக்கு வந்துடுச்சும்மா" என்றாள் மகள். "வலிக்கு அதைக் கொடுத்திருந்தா ரத்தம் இன்னும் நிக்காது. டாக்டருங்களைத் தள்ளி நிக்கச் சொன்னதே நல்லதாப் போயிருக்கும்னு சிலர் நினைக்கிறாங்க. நிரூபணம் இல்ல." ஆஸ்பிரின் ஹீமோபிலியாக்காரர்களுக்கு ஆகாது. வலிக்கு பாராசிட்டமால்தான். எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்றைய டாக்டர்களையும் குறை சொல்ல முடியாது. அலெக்சி பிறந்தபோது ரத்த வகைகளைக் கண்டுபிடித்தே மூன்று நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, பிளாஸ்மாவை உறையவைத்து மெதுவாக உருக்கினால் அடியில் தங்குவதில் ஃபேக்டர் 8 நிறைய இருக்கிறது என்று கண்டுபிடித்தது 1960-களில். அதுதான் என் மகனுக்குச் சின்ன வயதில் ஏற்றிய கிரையோ. ஆளே கிடைக்காமல் ரஸ்புடினைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாவை, ஊதாச் சுவருக்கு நடுவே நின்று என்னால் கேலியாகப் பார்க்க முடியவில்லை. மந்திரித்த கயிறு என் மகன் கையிலும் இருந்திருக்கிறது.

பெஞ்சில்...

வெளியே வந்தோம். பூங்காவில் ஒரு குளம். நடுவே மரங்கள் மூடிய சின்னத் தீவு. 'குழந்தைகள் தீவு' என்கிறார்கள். ஜார் குடும்பத்துப் பிள்ளைகள் விளையாடிய இடம். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். மகன் காலை நீட்டிக்கொண்டான்.

அலெக்சி எங்கே போனாலும் கூடவே இரண்டு மாலுமிகள் இருப்பார்களாம், விழாமல் பிடிக்க. டெரவென்கோ, நகோர்னி என்று பெயர். மகன் கைபேசியில் படத்தைக் காட்டினான். கடற்படைத் தொப்பி வைத்த பெரிய உருவம், அதன் தோளில் சின்னப் பையன். பையனுக்கு சைக்கிள் வேண்டும். கூடாது. ஓடவேண்டும். கூடாது.

"இந்த மாலுமி யாரு தெரியுதாம்மா?" என்றான்.

"யாரு?"

"நீதான்."

மூவரும் சிரித்தோம். அவன் தொடர்ந்தான்: "நகோர்னி கடைசிவரைக்கும் கூடவே போயிருக்கான். அதுக்காக அவனையும் சுட்டுட்டாங்க."

1918 ஜூலையில் அலெக்சி சுடப்பட்டபோது பதினான்கு வயதுகூட நிறையவில்லை. சில மாதம் முன்பு, காவலில் இருந்த வீட்டில், மாடிப்படியில் சறுக்குவண்டி விட்டு விளையாடியதில் மறுபடி ரத்தம் கட்டி, நடக்க முடியாமல்தான் இருந்திருக்கிறான். தடுத்துத் தடுத்துப் பார்த்தும், பையன் சறுக்கத்தான் செய்திருக்கிறான்.

2009-ல் அந்த எலும்புத் துண்டுகளின் மரபணுவைப் பரிசோதித்தார்கள். ஃபேக்டர் 9 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாவின் எலும்பிலும் அந்தப் பிழை இருந்தது. நூறு வருடம் மூடிவைத்த ரகசியம் ஓர் எழுத்துதான்.

"பாப்பா, அந்த டெஸ்ட்டு எப்படி எடுப்பாங்க?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "முதல்ல அண்ணன் ரத்தத்துல எந்த இடத்துல பிழைன்னு பாப்பாங்க. அப்புறம் அதே இடத்தை எனக்குத் தேடுவாங்க. ஃபேக்டர் அளவு மட்டும் பாத்தாப் போதாது, கேரியருக்கு அது சரியா இருந்தாலும் இருக்கும். மரபணு டெஸ்ட்தான் முடிவாச் சொல்லும்."

"எனக்கும் சேர்த்து எடு. அளவாவது பாத்து வைப்போம்" என்றேன். "வரன் வீட்ல முதல்லயே சொல்லிடலாம். போறவங்க போகட்டும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டாள். மகன்தான், "எனக்குப் பொண்ணு பாக்கும்போதும் இதையே சொல்லும்மா" என்றான்.

வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவே வரவில்லை என்று 2024 டிசம்பரில் செய்தி வந்தது நினைவிருக்கலாம். ஃபேக்டர் 8 செய்யும் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் என்ற மருந்தும் வந்திருக்கிறது. நரம்பில் அல்ல, தோலுக்கடியில் போடும் ஊசி. என் பேரன் காலத்தில் இந்த ஐஸ்பெட்டியே இருக்காது என்கிறான் மகன். இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். ஊர் திரும்பிய மறுவாரமே மூவரும் வரிசையில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தோம். மகள் விடுமுறைக்கு எங்களோடேயே வந்திருந்தாள். ஊசி போட்ட இடத்தை நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஹீமோபிலியா உள்ளவர்கள் பயணம் போகும்போது...

* ஃபேக்டர் மருந்தையும் ஊசிகளையும் கைப்பையிலேயே வையுங்கள். லக்கேஜில் போட்டால் தொலையலாம், உறைந்தும் போகலாம். ஃபேக்டர் உறையக்கூடாது.
* நோய், மருந்தின் பெயர், அளவு எழுதிய டாக்டர் கடிதம் ஆங்கிலத்திலும், போகும் நாட்டு மொழியிலும் இருக்கட்டும்.
* தேவைக்கு மேல் சில டோஸ் கூடுதலாக எடுத்துப்போங்கள். தங்கும் ஊரில் ஹீமோபிலியா சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள்.
* நோயின் வகை, இரத்த வகை எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.
* தலையிலோ, கழுத்திலோ, வயிற்றிலோ அடிபட்டால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் ஃபேக்டர், பிறகு உடனே மருத்துவமனை.
* ஆஸ்பிரின், இபுப்ரூஃபென் வேண்டாம். தசையில் போடும் ஊசியையும் தவிர்க்கவேண்டும் என்று புது டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.